தலையாட்டியது பொய் என்று ஓடிப்போய்ச் சொன்னவர்

செய்தி வந்தபோது நான் நாவலூரில் இருந்தேன். கம்பெனிப் பிள்ளைகளை வேனிலிருந்து இறக்கிவிட்டு, டீ குடிக்கலாம் என்று ஓரம் கட்டியிருந்தேன். போனில் அக்கா மகள் கிருபா. "மாமா, அம்மா போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இருபது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மந்திரிகளையும் வெள்ளைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டிக் காட்டியவன். அன்றைக்குச் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று மறந்துபோனது. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். கிருபாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம். அது ஏன் என்று சொல்வதற்கு அக்காவின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், அதிலும் ஏழாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். குற்றம் குறை இருந்தால் இதைப் படிக்கிற சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அக்கா மார்த்தாள் அவர்களைச் சபையில் எல்லாருக்கும் தெரியும். மாமல்லபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் மல்லிகா டீச்சர். இரண்டும் ஒரே ஆள்தான். எங்கள் ஆட்கள் காணி நிலம் இல்லாமல் அடுத்தவர் கழனியில் உழைத்தவர்கள். தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கினோம். ஆனால் கிறிஸ்தவர் என்று காகிதத்தில் எழுதினால் தாழ்த்தப்பட்டோர் சலுகை போய், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறிவிடும். ஆகவே பல வீடுகளில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், ஆலயத்துக்கு ஒரு பெயர். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பயப்படத்தான் நிறைய இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார். செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் என்றார்கள், இந்து என்ற சாதிச் சான்றிதழ் இருந்தால். விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா சிலுவையைக் கழற்றிக் கோணிக்குள் வைத்தார். நான் கடைக்கு ஓடி முருகர் காலண்டர் வாங்கி வந்து மாட்டினேன்.

வந்தவர் காலண்டரையே பார்த்தார். ஆறு மாதம் முடிந்தும் அதில் ஒரு தாள்கூடக் கிழிக்கப்படவில்லை. அக்கா பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமைல எங்கம்மா போவ?" என்று கேட்டார்.

"சர்ச்சுக்கு சார்."

"அப்ப இந்தக் காலண்டரு?"

"எந்தம்பி காலைல வாங்கியாந்தான் சார்."

அவர் சிரித்துவிட்டார். நாங்கள் சிரிக்கவில்லை. அந்த நேரம் நான் அதிகாரியை நேருக்கு நேர் முறைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன், நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்தேன். அந்த வருடம் அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் நெல் வயலில் நாற்று நட்டுவிட்டு, அடுத்த வருடம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கடைசிக்கு முந்தின ஆளாக உள்ளே போனார்.

பயிற்சிக் காலத்தில் விடுதிப் பெண்களுக்கு அக்காதான் ஆயர் மாதிரி. மாதிரி வகுப்பு எடுக்கும் நாள் காலையில் வேறு சாமி கும்பிடுகிற பெண்களும் வந்து, "எனக்கும் சேத்து ஜெபம் பண்ணிக்கோ" என்பார்களாம். திருவிடந்தையில் ஒரு வகுப்பறைக்குள் பாம்பு புகுந்தபோது, நாற்பது பிள்ளைகளைச் சத்தமில்லாமல் சன்னல் வழியே இறக்கிவிட்டுக் கடைசியாக வெளியே வந்தவர் அவர். ஏழு அடி நாகம். அக்கா மூன்றடிச் சாரை என்பார். பார்த்த பலபேர் ஏழு என்றே சொல்கிறார்கள்.

இவ்வளவு தைரியசாலி, பிள்ளை பெற்றதும் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டார். பெயர் வைக்கும்போதே பயம்தான். எந்தப் பக்கமும் சிக்காத பெயராக 'கிருபா' என்று தேடி வைத்தார். காய்ச்சல் என்றால் பயம், மழை என்றால் பயம், பள்ளிக்கூட வேன் ஐந்து நிமிடம் தாமதித்தால் பயம். மச்சான் சிறுசேரியில் காவலாளி. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். தாயும் மகளுமாகத்தான் வளர்ந்தார்கள். தினம் ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிப்பார்கள். கிருபா தூங்கி வழிந்தால் அக்கா தோளைக் கொடுப்பார், அதட்டமாட்டார்.

கிருபா பன்னிரண்டாவது முடித்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பதே அவளுடைய ஒரே பேச்சு. மதிப்பெண் நல்ல மதிப்பெண்தான். ஆனால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு ஒரு மயிரிழை குறைவு. தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்குத் தாராளம். ஒரு மத்தியானம் கடற்கரை வேன் ஸ்டாண்டில் நான் சீட்டாடிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றார். பள்ளிக்கூடப் பை தோளில். 

"டேய், இந்துன்னு அந்த சர்டிபிகேட்டு வாங்கிக் குட்றா."

எனக்குக் காது அடைத்தது. "இன்னாக்கா, நீயா சொல்ற?"

"எனக்குன்னும்போது பயமே இல்லடா. அவளுக்குன்னும்போது ராவெல்லாம் தூக்கமே வர்ல."

தாலுகா ஆபீசில் தாசில்தார் முதல் எல்லாரும் எனக்குப் பழக்கம். வாசலில் டீ விற்பவர் ரொம்பவே பழக்கம். மனு எழுதி, காகிதம் சேர்த்து, நான்தான் ஏற்பாடெல்லாம் செய்தேன். விசாரணை நாளில் சிலுவையை அக்காவே கழற்றித் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தார். பக்கத்தில் நின்று கிருபா பார்த்தாள்.

புது ஆய்வாளர் வயதானவர், பொறுமையானவர். மோர் குடித்தார். "இந்துதானம்மா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா தலையாட்டினார். வாய் திறக்கவில்லை, தலைதான் ஆடியது. அவர் குறித்துக்கொண்டு வண்டியில் கிளம்பிவிட்டார்.

எனக்கு உயிர் வந்தது. அக்காவுக்குப் போய்விட்டது. சிலுவை கழற்றிய சுவரைப் பார்த்தவர் எழுந்து, "வண்டிய எடுறா, அவர்கிட்ட போவணும்" என்றார். நான் வேனில் ஏறிச் சாவியைப் பாதி திருப்பித் திருப்பி, ஸ்டார்ட் ஆகவில்லை என்று நடித்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஓட ஆரம்பித்தார். நல்ல வெயில், செருப்புகூட இல்லை.

பொய்யாகச் சொல்லிச் சான்றிதழ் கேட்டால் கேஸ் ஆகும், டீச்சர் வேலை போகும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பயத்தில் வேன் உடனே ஸ்டார்ட் ஆனது. திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு பஞ்சர் கடை முன்னால் ஆய்வாளர் வண்டிக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா குறுக்குவழியில் எனக்கு முன்னே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். மூச்சு இரைத்தது.

"சார், நான் தலையாட்டுனது பொய்யி."

 நான் அவர் காலில் விழத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டினேன். பிறகு அவர் மெதுவாக, "பொண்ணு வாழ்க்கம்மா, யோசிச்சுப் பாரு" என்றார்.

"யோசிச்சுதான் சார் ஓடியாந்தேன்."

அவர் பைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்தார், எழுதியதை அடித்தார், போய்விட்டார். கேஸ் எதுவும் வரவில்லை. ஆனாலும் ஆறு மாதம், காக்கிச் சட்டையில் தபால்காரர் வந்தால்கூட எனக்கு வியர்த்தது.

கிருபாவுக்கு நர்சிங் இடம் போய்விட்டது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தாள். அம்மாவோடு பேசுவதை நிறுத்தினாள். கேட்டால் பதில் உண்டு, அவளாக ஒரு வார்த்தை கிடையாது. ஐந்து மணி ஜெபத்துக்கும் வரவில்லை. ஒரு விடியற்காலையில் நான் அவர்கள் வீட்டில் படுத்திருந்தபோது அக்காவின் ஜெபம் காதில் விழுந்தது. இடம் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. "என்மேல கோவம்னா இருக்கட்டும் ஆண்டவரே. என்னால அவ உம்ம வுட்டுடக் கூடாது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வாழ்க்கையில் பட்ட பயங்களிலேயே பெரியது அதுதான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் தேறவில்லை. கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். கிருபா மருந்து வாங்கப் போயிருந்தாள். அக்கா கேட்டார்: "அவ மனசுல இன்னா கீதுடா? உங்கிட்ட எதுனா சொன்னாளா?"

அவள் என்னிடம் எதுவுமே சொன்னதில்லை. நான் சொன்னேன்: "சொன்னாக்கா. அம்மா செஞ்சதுதான் சரின்னு சொன்னா. டெய்லி ஜெபம் பண்றேன்னு சொன்னா. காலேஜ்ல எங்கம்மா மாரி யாரும் இல்லன்னு சொல்லிகினு கீறாளாம்." வாய் தானாக அடுக்கிக்கொண்டே போனது.

அக்கா கண்ணை மூடிச் சிரித்தார். "நீ சொன்னா நான் பாதிதான் எடுத்துப்பேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "பாதி போதும்டா" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

அடக்கத்துக்குத் தாலுகாவே திரண்டு வந்தது. வேன்கள் மட்டும் அறுபது, ரோட்டை மறித்து நின்றன. ஆயர் பேசினார், தலைமையாசிரியர் பேசினார். என் கண் கிருபாமேலேயே இருந்தது. அவள் அழவில்லை. செத்துக்கொண்டிருந்தவரிடம், அதுவும் ஒரு பொய்யைத் திருத்த வெயிலில் ஓடிய பெண்மணியிடம், மகள் பெயரில் பொய் சொல்லி அனுப்பிவிட்டேனே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவளிடம் போய், சொன்னது அத்தனையையும் ஒப்பித்தேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன்.

மண் ஒட்டிய கையைத் தட்டியபடியே கேட்டாள். பிறகு குழியைப் பார்த்துச் சொன்னாள்: "கொஞ்சம் நெஜந்தான் மாமா. மீதிய நான் நெஜமாக்கிக்கறேன்."

சொல்லிவிட்டு, புது மண் பக்கத்தில் முழங்கால் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். உதடு அசைந்தது. அப்போதுதான் அழுதாள். நானும் தள்ளி நின்று அழுதேன்.

அக்கா, நிம்மதியாகப் படுத்திருங்கள். கிருபாவைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிற இதில் மட்டும் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. முழுசாகவே எடுத்துக்கொள்ளலாம்.