கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு பாடைச் சுழி

சிங்கம் செய்வது சுலபம். கோயமுத்தூர்ப் பக்கம் சிங்கத்தைக் கிட்டத்தில் பார்த்தவர் யாருமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிறுவர் பூங்காக்களுக்காக நான் ஃபைபர் கிளாஸில் செய்த சிங்கங்களுக்கெல்லாம் எங்கள் தெரு நாயின் முகம்தான். எனக்கு அசையாமல் உட்கார்ந்து முகம் காட்டிய ஒரே மிருகம் அது. பிடரியில் மட்டும் சீப்பை வைத்துச் சுழற்றிச் சுருள் சுருளாக விட்டிருந்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீளம் போதாமல் போனபோதுகூட, குட்டி போலிருக்குது என்று ஜனங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இந்தத் திமிரில்தான் காளை செய்ய ஒப்புக்கொண்டேன்.

அதற்கு முன் நான் மில் இயந்திரங்களுக்கு மூடி செய்துகொண்டிருந்தவன். கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஷெட். ஒருநாள் ஒருவர் வந்து, வாயைத் திறந்த மிருகமாகக் குப்பைத்தொட்டி வேண்டும் என்றார். மூடிக்கும் மிருகத்துக்கும் வேலை ஒன்றுதான். களிமண்ணில் உருவம் பிடித்து, அதன்மேல் பிளாஸ்டரில் இரண்டு பாதியாக அச்சு எடுக்க வேண்டும். அச்சுக்குள் மெழுகு பூசி, கண்ணாடி நாரை விரித்து, ரெசினைத் தடவ வேண்டும். இறுகியதும் கழற்றி இரண்டு பாதியையும் ஒட்டினால் மிருகம். ரெசினை இறுக வைக்கக் கலக்கிற மருந்து கொஞ்சம் கூடிவிட்டால் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் மக்கிலேயே கல்லாகிவிடும். என் ஷெட்டில் மிருகங்களைவிடக் கல்லான மக்குகள்தான் அதிகம்.

என் மாமனாருக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "கோயமுத்தூர்ல இருக்கறாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். வாசலில் தன்னுடைய மயிலைக் காளையே நிற்க வேண்டும் என்று ஆசை. சாம்பல் நிறம், கருத்த திமில், ஊரே நின்று பார்க்கிற காளை.

"மாப்பிள்ளைங்க, நீங்க அந்தப் பொம்மையெல்லாம் செய்வீங்கல்லங்க. நம்ம மயிலையச் செஞ்சு குடுத்துருங்க. வெள்ளிக்கிழமை தெறப்பு விழாவுக்கு சாதி சனமெல்லாம் வருது. நல்லா வருமுங்களா?"

"சிங்கமே செஞ்சிருக்கறனுங்க மாமா" என்றேன். அந்த வீட்டில் என் மானம் அந்தக் காளையின் நாலு காலில் நிற்கப்போகிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அளவெடுக்கப் போனேன். நாடா திமிலைத் தொட்டதுதான் தெரியும். அடுத்த கணம் நான் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தேன். மிச்ச அளவுகளை அங்கிருந்தே கண்ணால் எடுத்துக்கொண்டேன்.

களிமண் உருவம் எழும்பியதும் தொல்லை தொடங்கியது. சிங்கத்துக்கு எட்டிப் பார்க்காதவர்கள் காளைக்கு வரிசையில் வந்தார்கள். பக்கத்துத் தறிக்காரர், "திமிலு சித்தெ சாஞ்சாப்ல இருக்குதுங்க" என்றார். நிமிர்த்தினேன். டீக்கடைக்காரர், "இதென்னுங்க, இப்பிடி நட்டுக்கிட்டு நிக்குது" என்றார். சாய்த்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் குத்துவதையும் 'ங்க' போட்டுத்தான் குத்துவார்கள். திருப்பித் திட்டலாம் என்றால் அதற்குள் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

கடைசியில் உருவம் ஒருமாதிரி அமைந்தது. முதுகு மட்டும் மொட்டையாகத் தெரிந்தது. சிங்கத்துக்குக் கைகொடுத்த சீப்பை எடுத்து, முதுகுத்தண்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, இரண்டு சுழிகளைக் கோலம் போல ஒத்த அளவில் சுழற்றிவிட்டேன். தள்ளி நின்று பார்த்து நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன். வேறு யாரும் பாராட்டுகிற மாதிரி தெரியவில்லை.

புதன்கிழமை டெம்போவில் ஏற்றி மண்டபத்து வாசலில் இறக்கினோம். மாமனார் ஒரு சுற்றுச் சுற்றி வந்து திமிலைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் கூடவே பொள்ளாச்சிச் சந்தை மாட்டுத் தரகர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். தோளில் துண்டோடு தரகர் மெதுவாக முதுகுப் பக்கம் போனார். போனவர் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இந்தச் சுழிய ஆருங்க வெச்சது?"

"நானுங்க. அழகுக்கு."

"தண்டுக்கு ரெண்டு பக்கமும் சோடியா வெச்சுப்போட்டீங்களே. இது பாடைச் சுழிங்க. இந்த மாடு நிக்கற ஊட்டுல பாடை கட்டுவாங்கம்பாங்க. சந்தையில சும்மா குடுத்தாலும் ஒருத்தனும் கயித்தத் தொடமாட்டான்."

மாடு வாங்குகிறவர்கள் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடம் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பது எனக்கும் தெரியும். பொம்மைக்கும் பார்ப்பார்கள் என்பதுதான் தெரியாது.

"பொம்மைதானுங்களே" என்றேன்.

"பொம்மைதானுங்க" என்று தரகர் உடனே ஒத்துக்கொண்டார். "ஆனா கல்யாண மண்டபமாப் போச்சுங்களே."

என் மனைவி அருகில் வந்து மெல்லச் சொன்னாள்: "சிங்கத்துக்குச் சீப்பு வெச்சீங்க, ஆரும் கேக்கல. மாட்டுக்கு எதுக்குங்க தல சீவி உட்டீங்க?"

மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "பரவால்லீங்க மாப்பிள்ளைங்க. சமையக்கூடத்துக்குப் பின்னால நிறுத்திக்கலாம். மேல ஒரு படுதாவப் போட்டுட்டா ஆருக்குந் தெரியாது."

ஒரு நாள் மட்டும் கேட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை காலையில் மண்டபத்து வாசலிலேயே கைக் கிரைண்டரை வைத்து இரண்டு சுழிகளையும் தேய்த்து எடுத்தேன். ஃபைபர் தூள் சட்டைக்குள் இறங்கியது. அது எப்படி அரிக்கும் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும். சொறிந்தபடியே பள்ளங்களைப் பட்டிப் பசையால் அடைத்து முதுகை வழவழவென்று ஆக்கினேன். அன்றைக்கும் வந்திருந்த தரகர் கையால் தடவிப் பார்த்தார்.

"சுழியே இல்லாத மாடு உண்டுங்களா? இது அதவிடச் சந்தேகமுங்க. பூரானாட்ட நீளமா ஒரு சுழி, தலயப் பாத்து ஏர்றாப்புல வெச்சுடுங்க. ஏறுபூரான்னா யோகம். எறங்குனாப்ல மட்டும் வெச்சுப்போடாதீங்க."

பட்டியில் மருந்தைக் கலந்து முதுகில் அப்பினேன். "அஞ்சு நிமிசத்துல இறுகிப்போயிருமுங்க. எடத்தச் சீக்கிரம் காட்டுங்க."

"இங்க வெய்யுங்க. இல்லீங்க, சித்தெ மேல. இருங்க, எதுக்கும் மாமனாரையும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

கேட்டுவிட்டு வருவதற்குள் பட்டி கல்லாகிவிட்டது. தேய்த்து எடுத்து மறுபடி அப்பினேன். மறுபடியும் 'சித்தெ மேல', மறுபடியும் கல். மூன்றாவது தடவை சீப்பைத் தரகர் கையிலேயே கொடுத்துவிட்டேன். சந்தையில் எத்தனையோ காளைகளின் தலையெழுத்தைச் சொன்ன மனிதர், சீப்பைப் பிடித்ததும் விழித்தார். "நமக்குப் பாக்கத்தானுங்க தெரியும்."

மாமனார் சீப்பை வாங்கினார். யோசிக்கவேயில்லை. திமிலுக்குச் சற்றுப் பின்னால், ஒரே இழுப்பில், தலைப்பக்கம் ஏறுகிற மாதிரி ஒரு சுழி. "நம்ம மயிலைக்கு இங்கதானுங்க இருக்குது."

நான் பட்டித் தட்டைக் கீழே வைத்தேன். "இத நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே மாமா?"

"நீங்க பாத்துட்டுத்தான் செஞ்சிருப்பீங்கன்னு இருந்தனுங்க."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சுழி எங்கே தெரிந்தது. டப்பாவைத் திறந்து பெயிண்ட் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை மாமனார் சந்தனக் கிண்ணத்தோடு காளைக்குப் பக்கத்தில் நின்றார். வந்தவர்கள் அத்தனை பேரும் சந்தனத்தைத் தொடுவதற்கு முன் காளையின் முதுகைத் தொட்டார்கள். காயாத பெயிண்ட் பலருடைய கையில் ஏறியது. சுழியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்கள். நான் சொறிவதைக் கொஞ்சம் நிறுத்தினேன்.

அப்போது கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர், நேராக முகத்துப் பக்கம் போய் உதட்டை நெம்பப் பார்த்தார். பல்லை எண்ணி வயது சொல்கிற ஆள். நான் வாயை மூடியபடி செய்திருந்தேன். பல் என்கிற ஞாபகமே எனக்கு வரவில்லை.

"ஏனுங்க, எத்தன பல்லுங்க?" என்று அவர் மாமனாரைக் கேட்டார்.

"ஆறு பல்லுங்க" என்றார் மாமனார், கண்ணிமைக்காமல். "வாய்கிட்டக் கையக் கொண்டுபோவாதீங்க. புது ஆளுன்னா அவனுக்கு ஆகாது."

கோபிக்காரர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். மாமனார் என் பக்கம் திரும்பவேயில்லை. கிண்ணத்தை நீட்டியபடி அடுத்த விருந்தாளியை வரவேற்கப் போய்விட்டார்.