ஒரே ஒருமுறை ஊதிய சைரன்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். கல்லாற்றங்கரையில் வெள்ள எச்சரிக்கை சைரன் வைக்கும் வேலை எங்களுக்கு வந்தது. மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறிவிடும் இடம் அது.

புரோகிராம் எழுதியது நான். தண்ணீர் ஏறினால் கூப்பிடச் சொல்லி, சைரனை ஊதவைக்கும் ஃபங்ஷனை, ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்க்கும் சென்சாரிடம் கொடுத்து வைக்க வேண்டும். கால்பேக் என்போம். அவசரத்துக்குக் கூப்பிட ஒருவரிடம் போன் நம்பரை எழுதிக் கொடுப்பது மாதிரிதான். நானோ அப்போதே நானே போன் போட்டுப் பேசிவிட்டு, அவரிடம் வெறுங்காகிதத்தை நீட்டிய கதையாக எழுதியிருந்தேன். அதனால் ஸ்விட்சைப் போட்டதுமே சைரன் அலறியது. வேலை செய்கிறது என்று எல்லாரும் கைதட்டினோம். சென்சாரை ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கரையில் டீக்கடை வைத்திருந்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர். "இனி ஆத்தையே பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம்லா தம்பி?" என்று கேட்டார்.

"நீங்க நிம்மதியா கடையைப் பாருங்க அண்ணாச்சி. அது பாத்துக்கும்" என்றேன். பெரிய மேதை மாதிரி.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் ஆறு ஏறியது. சைரன் ஊதவில்லை. பாத்திரம் கழுவ இறங்கியிருந்த டீக்கடைக்காரரின் மனைவியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

செய்தி வந்ததும் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரிதான் தப்பு; சென்சாரிடம் நான் எதையுமே கொடுத்து வைக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் மறுநாள் கல்லாறு போனேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவ தண்ணி கலங்குதான்னு நிமிந்து நிமிந்து பாப்பா தம்பி. நாந்தான், சங்கு ஊதும்லா, நீ ஜோலியப் பாருன்னு சொன்னேன்."



"மிஷினுக்கு என்ன தெரியும்? நீங்க வெசனப்படாதீங்க" என்று என்னைத் தேற்றினார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கம்பெனியில் உண்மையைச் சொன்னேன். வரியைத் திருத்தி, சென்சாரை வாளியில் முக்கிப் பார்த்தோம். சைரன் நன்றாகவே ஊதியது. தன் பேச்சைக் கேட்டுத்தான் மனைவி போனாள் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். அது என் பேச்சு என்று அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.