ஒட்டகச்சிவிங்கி வழிவிடும் வரை

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஆப்பிரிக்க விலங்குகளைத் திறந்தவெளியில் விட்டு வளர்க்கும் ஒரு பூங்காவுக்கு அவள் வகுப்பை ஒருநாள் அழைத்துப் போனார்கள். துணைக்குச் சில பெற்றோரும் வரவேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் இந்த மாதிரி வேலையெல்லாம் என் மனைவியுடையது. அன்றைக்குப் பார்த்து அவளுக்கு மருத்துவமனையில் டியூட்டி. நான் லீவு போட்டேன்.

கிளம்பும்போது மகள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். "ஜோக் மட்டும் சொல்லாதீங்கப்பா. ப்ளீஸ்." சரி என்று ஒப்புக்கொண்டேன்.

என் பொறுப்பில் நான்கு பிள்ளைகள். என் மகள், கண்ணாடி போட்ட அவள் தோழி, ஒருவனையொருவன் தள்ளிக்கொண்டே இருந்த இரட்டைப் பையன்கள். எங்கள் ஊரான சுகர் லேண்டிலிருந்து பஸ் ஃப்ரீவேயைப் பிடித்ததுமே அந்தத் தோழி பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். தீக்கோழி எப்படி ஓடும், ஒரு வரிக்குதிரையின் வரி இன்னொன்றுக்கு ஏன் இருக்காது என்று அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எனக்குப் பழக்கமான மிருகங்கள் மாடும் நாயும்தான். ஃப்ரீவே முடிந்து பண்ணைகள் வரும் வரை தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

பூங்காவில் எங்களை ஒரு திறந்த வண்டியில் ஏற்றினார்கள். முன்னால் ஒரு ட்ரக் அதை இழுத்துப் போகும். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் ஓட்டினார். ஒவ்வொரு பிள்ளை கையிலும் தீவனம் நிரம்பிய கப். மான் கூட்டம் வந்தது, வரிக்குதிரைகள் வந்தன, எல்லாம் மரியாதையாகத் தின்றுவிட்டுப் போயின. பிறகு தீக்கோழி வந்தது. டிக்கெட் பரிசோதகர் மாதிரி தலையை உள்ளே நீட்டி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அந்தத் தோழியின் கப்பில் ஒரே கொத்து. கப் பறந்தது. தீவனம் அவள் தலையில் கொட்டியது. அது விடவில்லை, அவள் முடியில் ஒட்டியிருந்ததையும் பொறுக்கித் தின்னப் பார்த்தது.

காயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் சீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சத்தமில்லாமல் கண்ணாடிக்குள் அழுதுகொண்டிருந்தாள். வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் முன்னால் இருந்த டீச்சரால் எழுந்து வர முடியவில்லை. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது என்று சொன்னேன். சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. அந்த அலகைப் பார்த்ததும் முதலில் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டவன் நான்தான்.

அப்போதுதான் வண்டி நின்றது. பாதைக்குக் குறுக்கே ஒரு ஒட்டகச்சிவிங்கிக் குட்டி படுத்திருந்தது. தாய் அதற்கு மேல் கூரை மாதிரி நின்றிருந்தது. தொப்பிக்காரப் பெண் எஞ்சினை அணைத்துவிட்டார். குட்டியோடு இருக்கும் தாயிடம் ஹாரன் அடிப்பதோ நெருக்குவதோ கூடாது, அவையாக எழுந்து போனால்தான் உண்டு என்றார். இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் தேங்கியிருந்ததால் சுற்றிப் போகவும் வழியில்லை.

கொஞ்ச நேரம் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அப்புறம் நெளிய ஆரம்பித்தார்கள். இரட்டையரில் ஒருவன் பாத்ரூம் போகணும் என்றான். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், ஏதாவது செய்யுங்களேன் என்று இருந்தது.

மகளிடம் ஒப்புக்கொண்டதை மீறினேன். அந்தத் தாய் என்ன பேசுகிறது என்று எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அது பேசுவது தமிழ் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். தாயின் குரலில் ஆரம்பித்தேன்.

"எந்திரி சாமி, பஸ்சு வந்துரும். இன்னும் பல்லு கூட வெளக்கல நீ."

எங்கள் வீட்டில் தினமும் காலையில் கேட்கும் வசனம். மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று பையன்கள் அவளைப் பிடுங்கினார்கள். வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துவிட்டது.

"இன்னும் அஞ்சு நிமிசம்மா" என்று குட்டியாகக் கெஞ்சினேன்.

என் மகள் அதை மொழிபெயர்த்தாள்: என் லஞ்ச் பாக்ஸில் இருந்த குக்கியை அப்பா தின்றுவிட்டார், அதனால் நான் பள்ளிக்கூடம் வரமாட்டேன் என்கிறதாம்.

அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவள் வேறொன்றைச் சொன்னாள். தகப்பன் ஒட்டகச்சிவிங்கி குறட்டை விட்டது. கடை பார்க்கிங்கில் காரை எங்கே விட்டோம் என்று தெரியாமல் அலைந்தது. தோசையைக் கருக்கிவிட்டு, அப்படித்தான் இருக்கணும் என்று சாதித்தது. எல்லாம் உண்மை. வண்டி முழுக்க எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. டீச்சரின் தோள் குலுங்கியது.

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒட்டகச்சிவிங்கிகள் பெரும்பாலும் சத்தமே போடாது, நீங்கள் சொல்வது எல்லாம் தப்பு என்றது. என் மகள் குனிந்து, அதனால்தான் எங்கப்பாவுக்கு மட்டும் கேட்கிறது என்றாள். கண்ணாடிக்காரி அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு மெல்ல வெளியே வந்து, தலையில் தீவனத்தோடு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

குட்டி எழுந்துகொண்டிருந்தது. மடக்கி வைத்த நாற்காலியை யாரோ அவசரமாக விரிப்பது போல அந்தக் கால்கள் ஆளுக்கொரு திசையில் போயின. எப்படியோ நின்றுவிட்டது. பிள்ளைகள் கை தட்டவில்லை. குட்டி பயந்துவிடும் என்று கண்ணாடிக்காரியே எல்லாரையும் அடக்கினாள்.

குட்டி ஓரமாக நகர்ந்ததும் தாய் எங்களிடம் வந்து கழுத்தை வண்டிக்குள் இறக்கியது. தொப்பிக்காரப் பெண் ஒரு இலைக்கொத்தைக் கண்ணாடிக்காரியிடம் நீட்டினார். அவள் என்னைப் பார்த்து, நீங்களும் சேர்ந்து பிடியுங்கள் என்றாள். பிடித்தோம். கறுத்த நீள நாக்கு இலையைச் சுற்றியது, கூடவே என் மணிக்கட்டையும். சூடாக, சொரசொரப்பாக, கோந்து தடவினாற்போல இருந்தது. என் வாயிலிருந்து வந்த சத்தம் எந்த மொழியிலும் சேராது. அவள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். தாயின் மூச்சில் அவள் கண்ணாடி முழுக்கப் பனிபடர்ந்திருந்தது. துடைக்காமல் அப்படியே நின்றாள்.

வாசலுக்கு வந்ததும், தனக்கு அவசரமே இல்லை என்று கடைசி வரை சொல்லிவந்த இன்னொரு இரட்டையன்தான் பாத்ரூமுக்கு முதலில் ஓடினான்.

இரவு மனைவி டியூட்டி முடிந்து வந்தாள். வந்ததும் என் சட்டையை முகர்ந்துவிட்டு, அதை கராஜிலேயே போடச் சொன்னாள். மகள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று நடந்ததையெல்லாம் சொன்னாள். அவள் கதையில் தீக்கோழி கொத்தியது என் தலையில், சீட்டுக்கு அடியில் ஒளிந்ததும் நான். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். மனைவி மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. ஆமாம், பெரிய அலகு என்றேன்.