நைலெக்ஸ் சேலையும் ஒரு தீப்பெட்டியும்

1970, ஐப்பசி முதல் சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். காலை ஐந்து நாற்பதுக்குப் பள்ளத்தூரில் நானும் என் மனைவி சிவகாமியும் முதல் பஸ் ஏறினோம். மதுரைக்குப் போய் மகள் வீட்டுத் தீபாவளிச் சீருக்குத் துணி எடுத்து, திரும்பும் வழியில் நெற்குப்பையில் இறங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு வருவது திட்டம். கையில் இரண்டு பைகள், ஒரு குடை, ஒரு கூஜா தண்ணீர். வானம் மூடியிருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. பயணத்தைப் பற்றிய பயம் இல்லை. மகள் கமலா எழுதியிருந்த இன்லண்ட் கடிதத்தைப் பற்றியது. கல்யாணமாகி இரண்டாவது தீபாவளி. தலைத் தீபாவளியை எங்கள் வீட்டில் கொண்டாடினாள். இந்த வருடம் மாமியார் வீட்டில். நாத்தனார் செல்விக்குப் பதினேழு வயது, இந்தத் தீபாவளிக்குத்தான் முதன்முதலாகச் சேலை கட்டப் போகிறாள், அவளுக்குச் சென்னையிலிருந்து நைலெக்ஸ் வந்திருக்கிறது என்று எழுதிவிட்டு, கடைசி மூன்று வரியில் விஷயத்துக்கு வந்திருந்தாள்: "எனக்கும் நைலெக்ஸே எடுங்கள். கண்டாங்கி வேண்டாம். பக்கத்தில் நிற்கும்போது நான் வேலைக்காரி மாதிரி இருப்பேன்."

பள்ளியில் இருபத்து நான்கு வருடமாக விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். நைலெக்ஸும் நைலான்தான். நைலான் எரிந்து சாம்பலாவதில்லை, உருகி ஒட்டும் என்பதைப் புத்தகத்தில் படித்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன தீபாவளி விடியற்காலையில் அதைக் கண்ணால் பார்த்தேன். எதிர் வீட்டு மருமகள், எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் தடவிய புது நைலான் சேலையைக் கட்டிய கையோடு, வழக்கப்படி வாசலுக்கு வந்து மத்தாப்புக் கொளுத்தினாள். ஒரு பொறி. நான் ஓடி இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். தீ அணைந்தது; துணி தோலை விட்டு வரவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். இடது கை விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

காலை 6.20. காரைக்குடி. மதுரை பஸ் ஏழு ஐந்துக்கு. இட்லி சாப்பிட்டோம். சிவகாமி சில்லறைப் பர்ஸ் தேடிப் பையைத் துழாவியபோது அடியில் காகிதப் பொட்டலம் அகப்பட்டது.

"இது என்ன?"

முந்தின நாள் மாலை காரைக்குடிக்கு வந்து நான் எடுத்து வைத்த கண்டாங்கி நூல் சேலை அது. அரக்கில் மஞ்சள் கட்டம், இருபத்து மூன்று ரூபாய். சொன்னேன்.

"புள்ள வேண்டாம்னு எழுதியிருக்கா. அதத்தானே எடுத்திருக்கீக?"

"நைலெக்ஸும் எடுப்போம். விடியக்காலை வெடி போடுறப்ப இதக் கட்டட்டும்."

"அத அங்க போயி யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

சிவகாமி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "சீர் கொண்டு போற எடத்துல தீ, புண்ணுன்னு வாயத் தொறந்தீகன்னா நான் அங்கனயே எந்திரிச்சுப் போயிருவேன். அபசகுனமாப் பேசுனாகன்னு அந்த அம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். கேக்கப் போறது நீங்க இல்ல, கமலா."

அவள் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் சீர்த் தட்டின் முன்னால் நோய், சாவு, நெருப்பு இவற்றை வாயால் சொல்வதில்லை. விளக்கை அணை என்றுகூடச் சொல்லமாட்டார்கள்.

காலை 7.05. திருப்பத்தூர் வரை பதின்மூன்று மைல், அங்கிருந்து மதுரை முப்பத்தெட்டு மைல். ஆள் ஒன்றுக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம். பஸ்ஸில் பாதிப் பேர் எங்களைப் போலத் துணி எடுக்கப் போகிறவர்கள். பக்கத்து இருக்கைக்காரர் சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயி. மடியில் ஒரு சாக்குப் பை. மகனுக்குக் கால்சட்டை எடுக்கப் போகிறாராம்.

"கீழ அகலமா இருக்கணுமாம்ல. ஒரு கால்சட்டைத் துணியில ரெண்டு தலகாணி உறை தைக்கலாம். கேட்டா அதுதான் பேசனுங்கிறான். உங்களுக்கு எப்படி, மகனா மகளா?"

"மகள்."

"அப்ப பொழச்சீக. சேலைக்கு அகலம் மாறாது."

நான் சிரித்திருக்க வேண்டும். மேலூர் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது.

காலை 10.20. மதுரை. மழை விட்டிருந்தது. மாசி வீதிகளில் நடக்க முடியவில்லை. தள்ளுவண்டிகளில் ரிப்பன், கண்ணாடி வளையல், பிளாஸ்டிக் பூ. புதுமண்டபத்தில் தையல் இயந்திரங்களின் சத்தம் மழை போலக் கேட்டது. தீபாவளிக்குள் தைத்துத் தர இனி முடியாது என்று துணியோடு வந்தவர்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் சின்னச் சாமான்களை முடித்தோம். மாப்பிள்ளைக்கு டெரிலின் சட்டைத்துணி, சம்பந்திக்கு எட்டு முழ வேட்டி, சம்பந்தியம்மாவுக்கு ஒரு சுங்குடி, செல்விக்கு முத்து வைத்த கைக்கடிகாரப் பட்டை. இன்னும் துணி எடுக்கப் போகாதவர்களுக்கு ஒரு யோசனை: பரிசுச் சாமானில் இந்த வருடம் எல்லோரும் கேட்பது எவர்சில்வர் டிபன் கேரியர். அதை மட்டும் விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டோம்.

காலை 11.30. மூன்று மாடி ஜவுளிக்கடை, பெயர் வேண்டாம். வாசல் கண்ணாடிக்குள் ஒரு பெண் பொம்மை இளஞ்சிவப்பு நைலெக்ஸ் கட்டி நின்றது. அதன் தலைக்கு ஒரு முழம் மேலே பெரிய விளக்கு சூடாக எரிந்துகொண்டிருந்தது. நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிவகாமி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

சேலைகள் முதல் மாடியில். மேலே போக ஒரே ஒரு மரப்படிக்கட்டு. அகலம் மூன்றரை அடி இருக்கும். மேலே இருநூறு பேருக்குக் குறையாது. இதையெல்லாம் ஏறும்போதே கணக்கிட்டேன். கணக்கிட்டும் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

விற்பனையாளர் கிளிப்பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட ஒன்றை விரித்தார். "நைலெக்ஸ்மா. அலசி உதறினாக் காஞ்சிரும். இஸ்திரியே வேணாம். ஐம்பத்திரண்டு ரூபாய்."

"தீப்பட்டா என்ன ஆகும்?" என்றேன்.

"என்ன சார், சேலையைக் கட்டப் போறீங்களா, அடுப்புல போடப் போறீங்களா?"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிவகாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதெல்லாம் நைலான் சார். இது நைலெக்ஸ், வேற. ஒண்ணும் ஆகாது" என்றார் அவர்.

நல்ல மனிதர்தான், தெரியாமல் சொன்னார். ஆனால் அந்த "ஒண்ணும் ஆகாது" என்னைச் சீண்டிவிட்டது. பட்டு வாங்குகிறவர்கள் ஓரத்தில் ஒரு இழையை உருவிக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பது நம் ஊரில் சாதாரணம். அந்தப் பழக்கத்தில், சேலை ஓரத்திலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு நாலு இழையை உருவினேன். பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். உரசினேன்.

இழை தீயைக் கண்டு சுருங்கி, நுனியில் கறுப்பாக உருண்டு, சொட்டியது. நான் நினைத்தது சரியென்று நிமிர்ந்து பார்த்தேன். அந்த நொடியில் பின்னால் ஒரு குரல், "தீ!"

அடுத்தது "தீப்பிடிச்சிருச்சு!" அதற்கடுத்தது வார்த்தை இல்லை, சத்தம் மட்டும். இருநூறு பேரும் அந்த மூன்றரை அடிப் படிக்கட்டை நோக்கித் திரும்பினார்கள். "ஒண்ணுமில்ல, நான்தான், ஒண்ணுமில்ல!" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. வளையல்கள் நொறுங்குவது கேட்டது. ஒரு குழந்தை தலைகளுக்கு மேலே கைமாறிப் போயிற்று. படியின் நடுவில் ஒருவர் விழுந்தார், அவர்மேல் இன்னொருவர். சிவகாமி என் பக்கத்தில் இல்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் நாட்குறிப்பில் மணி எழுதப்படாத இடம் அது ஒன்றுதான். கீழேயிருந்து மேலாளர் மேசைமேல் ஏறி நின்று கையைத் தட்டித் தட்டி அடக்கினார். விழுந்தவர்களைத் தூக்கினார்கள். ஒரு பெண்ணுக்கு முழங்கையில் ரத்தம்; மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அதற்குமேல் இல்லை என்பது என் யோக்கியதையால் அல்ல.

மேலே வந்த மேலாளர் என் கையில் இருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். "படிச்சவராத் தெரியிறீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சிவகாமி எதிர்ச் சாரியில் ஒரு பாத்திரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் செருப்பு இல்லை. மார்போடு சேர்த்து அந்தக் கிளிப்பச்சைச் சேலையைப் பிடித்திருந்தாள்.

"கையில இருந்துச்சு, அப்படியே ஓடியாந்துட்டேன். காசு குடுக்கல. திருடின்னு புடிக்க வாராகளோன்னு நிக்கிறேன்." பிறகு கேட்டாள்: "எப்படித் தீப்பிடிச்சுச்சு?"

சொன்னேன். "போயிக் காசக் கட்டிட்டு வாங்க" என்றாள். மேலே போய்ப் பணம் கட்டினேன். விரித்த மேசையில் அந்தக் கறுப்பு உருண்டை ஒட்டிக்கொண்டு கிடந்தது. நகத்தால் பெயர்த்து, தீப்பெட்டியிலிருந்த குச்சிகளைக் கொட்டிவிட்டு, உள்ளே போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது.

பிற்பகல் 2.15. திருப்பத்தூர் வழி பஸ். மேலூரில் சிவகாமிக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன், போட்டுக்கொண்டாள். திருப்பத்தூரில் மாறி, நடத்துநர் கணக்கில் பன்னிரண்டு மைல், மாலை ஐந்து இருபதுக்கு நெற்குப்பை.

கமலாவின் வீடு பஸ் நிற்குமிடத்துக்கு நேர் எதிரே. சம்பந்தியும் மாப்பிள்ளையும் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. சம்பந்தியம்மா வாசலுக்கே வந்தார்.

"வாங்க, வாங்க. மழையில நனைஞ்சீகளா? இங்குட்டு வந்து உக்காருங்க. ஏத்தா கமலா, யாரு வந்திருக்காகன்னு பாரு."

தாம்பாளத்தில் எல்லாவற்றையும் பரப்பினோம். செல்வி ஓடிப்போய்த் தன் நைலெக்ஸைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தாள். அவளுடையது ஊதா. கமலாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சம்பந்தியம்மா கண்டாங்கியை விரலால் நெருடினார்.

"இது எதுக்கு, வீட்டுல கட்டிக்கவா?"

"அவுக ஆசப்பட்டு எடுத்தாக" என்றாள் சிவகாமி.

நான் வாயைத் திறந்தேன். சிவகாமி தும்மினாள். அது தும்மல் இல்லை என்று எனக்குத் தெரியும். "மழை இன்னும் இருக்கும்போலத் தெரியுது" என்றேன்.

"ஐப்பசில மழை இல்லாம வெயிலா அடிக்கும்?" என்று சிரித்தார் சம்பந்தியம்மா.

ஆறு மணி. கை கழுவக் கொல்லைக்குப் போனேன். கமலா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை. தீப்பெட்டியை அவள் கையில் வைத்தேன்.

திறந்து பார்த்தாள். "என்னப்பா இது, மிளகு மாதிரி?"

"உன் சேலையோட நூல்."

"நூலா?" உருண்டையை நகத்தால் அழுத்தினாள். கல்லாக இருந்தது. என்னைப் பார்த்தாள். என் வகுப்பில் மூன்று வருடம் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள் அவள். நான் மேலே சொல்வதற்குள் உள்ளேயிருந்து சிவகாமியின் குரல்: "பஸ் வந்திருச்சு, என்ன பண்ணுறீக அங்க?"

மாலை 6.15. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வாசலில் கமலாவும் செல்வியும் நின்றார்கள். அப்போதுதான் அது உறைத்தது. காலையிலிருந்து பன்னிரண்டரை மணி நேரம் ஒரு பெண்ணை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதே வாசலில் அதே விடியற்காலையில் ஊதா நைலெக்ஸ் கட்டி இன்னொருத்தி நிற்கப் போகிறாள். அவளுக்கு நான் கொண்டுவந்தது கடிகாரப் பட்டை.

பஸ் கிளம்பியது. கமலா எதையோ நீட்டினாள். இரண்டு தலைகளும் அதன்மேல் குனிந்தன. பின்னாலிருந்து சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். பஸ் திரும்பிவிட்டது.

தீபாவளியன்று எங்கள் தெருவில் விடியுமுன்பே நான் நான்கு வாளித் தண்ணீருடன் வாசலில் நின்றேன். எதிர் வீட்டு மருமகள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் நெற்குப்பையை நினைத்தேன்.

பிற்பகல் மூன்று பத்து பஸ்ஸில் கமலாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை காபி குடித்துவிட்டுக் கடைவீதிக்குப் போனார். கமலா பையிலிருந்து கண்டாங்கியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"இதத் தச்சுத் தரணும்மா."

முந்தியில் ஓட்டை. அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். குறுக்கே ஒன்றேகால் அங்குலம். ஓரத்தைத் தொட்டபோது சாம்பல் பொடியாக உதிர்ந்தது. உருண்டை இல்லை.

"உனக்கு எங்கயும் படலயே?" அவள் கைகளைப் புரட்டிப் பார்த்தேன்.

"நான் கட்டலப்பா. செல்வி கட்டியிருந்தா. அவகிட்ட நூல் சேலையே இல்ல. புஸ்வாணத்துல பொறி பட்டுச்சு; ரெண்டு தட்டுத் தட்டுனா, போயிருச்சு."

"நீ?"

"பழசக் கட்டிக்கிட்டேன். தீவாளியும் அதுவுமாப் பழசான்னு அத்தை காலையில மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாக. அது பட்டதுக்கப்புறம் பேசவே இல்ல. இப்ப அந்தத் தீப்பெட்டி அவுக இடுப்புல இருக்கு. வீட்டுக்கு வர்றவுகளுக்கெல்லாம் தெறந்து காட்டுறாக."

சிவகாமி ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். ஊசி தேட உள்ளே போனாள்.

மாலை ஐந்து மணி. தெருமுனையில் முதல் சரம் வெடித்தது. கமலா எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தாள். கிளிப்பச்சை நைலெக்ஸைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு அது மிகவும் அழகாக இருந்தது. நான் முந்திப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.