டச்சுக் கோட்டையில் மூடாத கிணறு

நான் மீஞ்சூரில் வசிக்கிறேன். கோவையிலிருந்து வந்திருந்த என் நாத்தனாருக்குப் பழவேற்காடு டச்சுக் கோட்டையைக் காட்ட அழைத்துப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒருவர் தன்னைக் கைடு என்று சொல்லிக்கொண்டு கூடவே வந்தார். அகழியைத் தாண்டியதும் ஒரே முள்காடு. நடுவே இடிந்த சுவர்கள்.

சுவரைப் போட்டோ எடுக்க நாத்தனார் பின்னால் நகர்ந்தாள். அங்கே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருவர் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"நில்லும்மா! பின்னால கெணறு கீது!"

செடிகளை விலக்கிப் பார்த்தோம். சுற்றுச்சுவரே இல்லாத பாழுங்கிணறு! நாத்தனார் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"கிணறு இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா?" என்று கைடிடம் கத்தினேன்.

"தெரியும்மா. சொன்னா பயந்துக்கினு உள்ளயே வர மாட்டீங்கன்னுதான் சொல்லல" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஊர் சுற்றிக்காட்ட வருபவருக்கு ஓர் உயிர் அவ்வளவு அற்பமா?

இப்போதெல்லாம் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனால், எங்கே கால் வைக்கக் கூடாது என்று அங்கே புழங்குகிறவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்கிறேன். யாராவது போட்டோ எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினால், அவர்களுக்குப் பின்னால் போய் நான் நின்றுகொள்கிறேன்.