பரிமளம் மதிலுக்குள் போன நாள்

கியூபெக் நகரம் பரிமளத்துக்குத் தண்ணி பட்ட பாடு என்றுதான் ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ச்சனம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைக்காமல் என்ன செய்வார்கள்? அவளுடைய கணவர் பாக்கியராசா ஒவ்வொரு கோடையிலும் ஒரு கோச் பஸ்ஸைப் பிடித்து, மட்டக்களப்பு ஆட்களையும் அவர்களுக்குத் தெரிந்த ஆட்களையும் ஏற்றி, மதில் சூழ்ந்த அந்தப் பழைய நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்வருகிறவர். பஸ் போனால் பரிமளமும் போவாள். கொரோனாக் காலம் தவிர வேறெந்த வருடமும் அவள் தவறவிட்டதில்லை.

ஆனால் அந்த மதிலுக்குள் அவள் ஒருதரமும் கால் வைத்ததில்லை. இந்த விஷயம் அவளைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

அதெப்படி என்று கேட்பீர்கள். எங்கள் சனத்தின் சுற்றுலாவை ஒருமுறை பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். நாங்கள் ஊர் பார்க்கப் போவதென்றால் முதலில் சோற்றுப்பானை ஏறும், பிறகுதான் ஆள் ஏறும். பின்னேரம் புனித அன்னம்மாள் கோயிலுக்கும் போகிற பயணம் என்பதால், சைவக்காரர் எல்லாரும் அன்றைக்கு மச்ச மாமிசம் தொடமாட்டார்கள். ஆகவே புளிச்சாதம், கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், வடை, மோர்மிளகாய். பஸ் மதிலுக்குள் போகாது. கீழே துறைமுகப் பக்கத்துத் தரிப்பிடத்தில் நிற்கும். ஆட்கள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்கு இறங்கி வந்து சாப்பிட வேண்டும். அதுதான் ஒழுங்கு.

முதல் வருடம் அவளும் மேலே போகத்தான் வெளிக்கிட்டவள். நல்ல சப்பாத்தெல்லாம் போட்டிருந்தாள். அப்போது ஒரு கடற்காகம் வந்து வடைப் பையைக் கிழித்துவிட்டது. யார் காவலுக்கு நிற்பது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, பரிமளம்தான் வாயைத் திறந்தாள். "சரி, நான் நிக்கிறன். நீங்கள் போயிற்று வாங்கோ." அன்றைக்குச் சொன்ன அந்தச் சொல் அவளுக்கு உத்தியோகமாகவே ஆகிவிட்டது. அடுத்த வருடம் ஒருவரும் கேட்கவும் இல்லை. பஸ் நின்றதும் பாக்கியராசா கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, சனம் பின்னால் போக, பரிமளம் பானைகளோடு நின்றாள். கிழமை நாளில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் அகப்பை பிடிக்கிற மனுசி, விடுமுறைக்குக் கியூபெக் போயும் அகப்பைதான் பிடித்தாள். எனக்குச் சில சமயம் எங்கள் ஆட்களைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருக்கும். ஆனால் அந்தக் கத்தரிக்காய்ப் பால்கறியை நானும் இரண்டாம்தரம் வாங்கித் தின்றவன்தான், ஆகையால் அதை விட்டுக் கதைக்கு வருகிறேன்.

நின்ற இடத்தில் நின்றபடியே அவள் நகரத்தைப் பார்த்தாள். இறங்கி வருகிறவர்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கண்டதெல்லாம் சொல்வார்கள். பச்சைக் கூரை போட்ட பெரிய ஹோட்டல், பலகை நடைபாதை, கீழே ஆறு, படம் வரைகிறவர்களின் ஒழுங்கை, பொன்பூச்சுப் பளபளக்கிற பேராலயம், பீரங்கிக் குண்டை வேரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு மரம். அவள் கரண்டியால் பரிமாறியபடி எல்லாவற்றையும் கேட்டு மனதில் போட்டு வைத்தாள். மறு வருடம் புது ஆட்கள் பஸ்ஸில் "உள்ளுக்கு என்ன இருக்கு, அன்ரி?" என்று கேட்டால், கடகடவென்று சொல்லுவாள். பொய் சொல்லவில்லை. "நான் பாத்தனான்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. நீ பார்த்தாயா என்று ஒருவரும் கேட்டதும் இல்லை.

போன கோடையில்தான் எல்லாம் தலைகீழானது. மாரிக் குளிரில் பாக்கியராசாவுக்கு முழங்காலில் ஒப்பரேஷன். நடப்பார், ஆனால் படி ஏறக்கூடாது. பஸ் தரிப்பிடத்தில் நின்றதும் அவர் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"இந்தமுறை என்னாலை ஏறேலாது. ஆனா நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. என்ர மனிசி கூட்டிக்கொண்டு போவா. அவவுக்கு உந்த இடமெல்லாம் உள்ளங்கை மாதிரி. சாப்பாட்டை நான் பாக்கிறன்."

எல்லாரும் கைதட்டினார்கள். பரிமளத்துக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. 'எனக்குத் தெரியாது' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு யாராவது கொடியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அவள் திரும்பவும் பானைகளுக்குப் பக்கத்தில். அவள் கணவரின் கையிலிருந்து கொடியை வாங்கினாள். கொஞ்சம் பறித்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

வழி ஒன்றும் கஷ்டமில்லை, மேடு எங்கே இருக்கிறதோ அங்கே ஏறினால் சரி. அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவர் அகிலாண்டேஸ்வரி. திருச்சிக்காரர், ஒஷாவாவில் மகன் வீட்டுக்கு வந்திருப்பவர், பஸ் ஏறியதிலிருந்து கேள்வியாய்க் கேட்டுக்கொண்டே இருந்தவர். பஸ்ஸில் கேள்விப்பட்ட அந்தக் குண்டு மரத்தில்தான் அவருக்கு உயிர்.

"அது இன்னும் நிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஓம் ஓம். போன வருசமும் நிண்டது," என்றாள் பரிமளம். அதுவரை அப்படி ஒரு வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை. கொடி கையில் இருந்த மிதப்பில் வந்துவிட்டது.

மலைச்சரிவுத் தெருவில் மூச்சு வாங்க ஏறி, கல்வாசலுக்கு அடியால் நுழைந்தபோது பரிமளம் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே கல். இதோ உள்ளே வந்துவிட்டேன் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு பலகை நடைபாதைக்கு வந்து நின்றாள். ஹோட்டல் பெரிது என்று அவளுக்கு எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு பெரிது என்று ஒருவனும் சொல்லவில்லை. ஆறு அழகு என்றார்கள். அதன் காற்று சால்வையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும் என்று சொல்லவில்லை. யாரோ ஒருவன் வயலின் வாசித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஓடவேண்டும் போலிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், பின்னால் ஒரு பஸ் சனத்தை வைத்துக்கொண்டு ஓட முடியாதென்பதால் மட்டும் நடந்தாள். நடந்தபடியே தான் கேட்டு வைத்த கதைகளை உரக்கச் சொன்னாள். இந்த மதிலை எழுப்பத் தொடங்கியது பிரெஞ்சுக்காரர், பிறகு பிடித்தது இங்கிலிஷ்காரர், இரண்டு தளபதிகளும் ஒரே சண்டையில் செத்துப்போனார்கள். சனம் வாயைப் பிளந்து கேட்டது.

"அங்கிளைவிட அன்ரி பெஸ்ட்," என்றாள் தக்ஷிகா. இங்கேயே மார்க்கம் நகரில் பிறந்து வளர்ந்த பெண், பெற்றோர் இழுத்து வந்ததால் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தவள். அவளும் இப்போது போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அடுத்தது மரம். சென் லூயி தெருவில் ஒரு மூலையில் நிற்கும் என்று பரிமளத்துக்குத் தெரியும். தெருவைக் கண்டுபிடித்தாள். ஒரு மூலை பார்த்தாள், மறுமூலை பார்த்தாள். கல்வீடுகள் இருந்தன, சிவப்புக் கதவுகள் இருந்தன. குண்டு மரத்தைக் காணவில்லை. தெருவின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை சனத்தை நடத்தி, திரும்பவும் கொண்டுவந்தாள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. பின்னால் முணுமுணுப்புத் தொடங்கியது.

தக்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு தெரியும். கடைவாசலைக் கூட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"அன்ரி, அந்த மரத்தை வெட்டிட்டாங்களாம். லைக், சில இயர்ஸுக்கு முன்னமே. நோய் வருத்தம் பிடிச்ச மரமாம்."

அகிலாண்டேஸ்வரி பரிமளத்தைத் திரும்பிப் பார்த்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, உண்மையாகவே விளங்கவில்லை அவருக்கு. "போன வருஷம் நின்னுதுன்னு சொன்னீங்களே?"

கொரோனாவுக்குப் பிறகு வந்தவர்கள் மரத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது பரிமளத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இருக்கிறதைத்தான் ஆட்கள் வந்து சொல்வார்கள். இல்லாமல் போனதை யார் தட்டும் கையுமாக நின்று சொல்லப் போகிறார்கள்? அவள் தலையில் மட்டும் அந்த மரம் இத்தனை வருடமும் குண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

வேறு தெரு என்று சமாளித்திருக்கலாம். ஒரு கணம் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் சமாளித்தால் மிச்சத் தெருவெல்லாம் தெரிந்த மாதிரியே நடக்கவேண்டும், ஒன்றையும் புதிதாய் நின்று பார்க்க முடியாது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நான் அந்த மரத்தைக் காணேல்லை, அக்கா," என்றாள். "மரத்தை மட்டுமில்லை. இந்த மதிலுக்குள்ள நான் கால் வைச்சதே இண்டைக்குத்தான். ஒவ்வொருமுறையும் கீழ சாப்பாட்டோட நிண்டிடுவன். நீங்கள் எல்லாரும் வந்து சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொல்றனான்."

தக்ஷிகாதான் கேட்டாள். "ஏன் அன்ரி, ஒருத்தரும் உங்களைக் கூப்பிடேல்லையா?"

அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் முந்திய வருடங்களிலும் வந்தவர்கள். அவர்கள் எல்லாருக்கும் திடீரென்று அந்தத் தெருவின் கல் பதிப்பில் பெரிய அக்கறை வந்துவிட்டது, குனிந்து பார்த்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன, நானும் குனிந்தவன்தான்.

அகிலாண்டேஸ்வரி வந்து பரிமளத்தின் கையைப் பிடித்தார். "அப்போ நீங்களும் என்னை மாதிரிதான். ரெண்டு பேருக்குமே புதுசு. வாங்க, இனிமே நிதானமா பார்ப்போம்."

பரிமளத்துக்குத் தலையிலிருந்து ஒரு பெரிய சோற்றுக் கிடாரம் இறங்கியது போலிருந்தது. கொடியைத் தக்ஷிகாவிடம் கொடுத்தாள். "நீ பிடி பிள்ளை. எனக்கு வேடிக்கை பாக்கக் கிடக்கு."

பிறகுதான் அவள் உண்மையில் நகரம் பார்த்தாள். சென் லூயி வாசலுக்குப் பக்கத்தால் மதிலின் மேல் ஏறினார்கள். மதில் என்றால் ஓராள் நடக்கிற கல்வரம்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மேலே பார்த்தால் மாடு கட்டலாம் போல அகலமாய்ப் புல். சின்னச் சின்னத் துவாரங்களில் கண்ணை வைத்து வெளியே பார்த்தாள். கால்களுக்குக் கீழே வாசலுக்குள்ளால் கார்கள் நுழைந்தன. ஒரு பக்கம் பழைய கூரைகள், மறுபக்கம் புது நகரம், நடுவில் தான். "இஞ்ச வாங்கோ, இதைப் பாருங்கோ," என்று அவள் ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். தெரியாது என்று சொன்ன பிறகு அவள் காட்டியதைத்தான் எல்லாரும் அதிகம் பார்த்தார்கள். படம் எடுக்கும்போது வழக்கம்போல யாரோ கமராவை அவளிடம் நீட்டினார்கள். அவள் அதை வாங்கி, வழியால் போன ஒரு வெள்ளைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து நடுவில் நின்றாள்.

மதிலிலிருந்து இறங்கிப் பேராலயத்துச் சதுக்கத்துக்கு வந்தபோது எல்லாருக்கும் வயிறு கிள்ளத் தொடங்கிவிட்டது. எங்கள் சனத்துக்குப் பசி வந்தால் எந்தச் சரித்திரமும் நிற்காது. கோயிலை எட்டிப் பார்த்துவிட்டு இறங்குவோம் என்றார்கள் சிலர், எட்டியும் பார்க்கவேண்டாம் என்றார்கள் மற்றவர்கள். அந்த நேரம் பரிமளத்தின் போன் அடித்தது. பாக்கியராசா.

"எங்கை நிக்கிறியள்? சோறு ஆறுது. இஞ்ச ஒரு கடற்காகம் என்னைச் சுத்திக்கொண்டு நிக்குது. கெதியா வந்து போட்டுக் குடு."

பரிமளம் பேராலயத்தின் வாசலைப் பார்த்தாள். யாரோ கதவைத் திறக்க, உள்ளே தூரத்தில் பொன்னிறம் ஒன்று மின்னி மறைந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள்.

"சனம் இப்ப இறங்குது. நீங்களே போட்டுக் குடுங்கோ. நான் கோயிலைப் பாத்திட்டு வாறன்."

"உந்தக் கோயிலை நீ எத்தினைதரம் பாத்தனீ? இன்னுமே பாத்து முடியேல்லை?"

"நான் ஒருதரமும் பாக்கேல்லை. இந்த மதிலுக்குள்ளயே இண்டைக்குத்தான் வந்தனான்."

"விசர்க்கதை கதைக்காதை."

"உண்மையாத்தான் சொல்றன். ஒவ்வொரு வருசமும் நீங்கள் இப்ப நிக்கிற இடத்திலதான் நான் நிண்டனான்."

போனில் கடற்காகம் கத்துவது மட்டும் கேட்டது. பஸ்ஸில் ஏறும்போது ஒரு தலை குறையாமல் எண்ணுகிற மனுசன், இப்போது வருடம் வருடமாகப் பின்னோக்கி எண்ணுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அன்றைக்கு அவளிடம் கோபத்துக்கு இடம் இல்லை, மனம் முழுக்கச் சந்தோஷமாய் இருந்தது.

"அப்ப..." என்று இழுத்தார் பாக்கியராசா. "அப்ப இத்தினை வருசமும் நான் உள்ளுக்கு ஆரோட நடந்தனான்?"

"பஸ்ஸில வந்த சனத்தோட," என்றாள் பரிமளம்.

போனைப் பைக்குள் வைத்தாள். எல்லாரும் கீழே இறங்கிப் போகத் தொடங்கியிருந்தார்கள். அவள் சப்பாத்தை ஒருமுறை தட்டிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு கோயிலுக்குள் போனாள்.