தேன்சிட்டும் கண்ணாடித் தவளையும் என் வீட்டுக்காரரும்

பாகூரில் எங்கள் வீட்டு வராண்டா லைட் ஒயரில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. நார், பஞ்சு, சிலந்தி வலை என்று நாள் முழுக்கச் சுமந்து வந்தது பெண் சிட்டுதான். ஆண் சிட்டு மினுமினுவென்று ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு முருங்கைக் கிளையில் உட்கார்ந்து பாடியது. பின்னால் குஞ்சுகளுக்குப் பூச்சி கொண்டுவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாவம்.

அப்போது என் மகளுக்கு ஆறு மாதம். பிரசவ லீவு முடிந்து, பாண்டியில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்குத் திங்கட்கிழமை போயாக வேண்டும். போகாவிட்டால் வேலை போய்விடும். எனக்குக் காலை ஷிப்ட், மதியத்துக்குள் திரும்பிவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு அதற்குப் பிறகு இரண்டாவது ஷிப்ட். காலையில் வீட்டில்தான் இருப்பார். தாலாட்டுப் பிரமாதமாகப் பாடுவார். குழந்தையைக் குளிப்பாட்டச் சொன்னால் மட்டும் பைக்குக்குக் காற்றடிக்கக் கிளம்பிவிடுவார்.

"நீங்களும் அந்த ஆள் மாதிரிதான்" என்று முருங்கையைக் காட்டினேன்.

மறுநாள் காலை போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தென்அமெரிக்காவில் கண்ணாடித் தவளை என்று ஒன்று. வயிற்றுத் தோல் வழியே இதயம் துடிப்பது தெரிகிறது. இலையில் முட்டையிட்டுவிட்டுத் தாய் கிளம்பிவிடுகிறது. தகப்பன்தான் காவல். முட்டை காயாமல் பார்த்துக்கொள்கிறது, குளவி வந்தால் உதைத்து விரட்டுகிறது. போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இன்னாடி, என்னத் தவளயா ஆவச் சொல்றியா?"

"ஆனீங்கன்னா நல்லாத்தான் இருக்கும்."

அன்றைக்கு முழுக்க ஒரே முறைப்பு.

ஞாயிறு காலை தோட்டத்துப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கைலியைச் சுருட்டிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாபா, உம் பொண்டாட்டி வூட்ல இல்லியா?" என்றார்.

"இருக்குறா. நாளைக்கு வேலைக்குப் போறா."

தலையைக்கூட நிமிர்த்தவில்லை மனுஷன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மகள் அழுவாள், பிய்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருந்தேன். அவர் தோளில் இருந்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"போ, நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

நான் கேட்டு வாங்கியதுதான் எல்லாம். ஆனாலும் பஸ் அரியாங்குப்பம் தாண்டும்வரை எனக்கு அழுகை நிற்கவில்லை.